பழைய டீசல் செடான்: வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

இன்று ஷோரூமுக்குப் போய்ப் பதினைந்து லட்சத்துக்குள் ஒரு டீசல் செடான் வேண்டும் என்றால் கையை விரித்துவிடுவார்கள். 2019 ஏப்ரலில் மாருதி, அடுத்த ஆண்டோடு டீசலுக்கு முழுக்குப் போடுவதாக அறிவித்தது. 2020 ஏப்ரல் 1 அன்று பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்ததும் டிசையரும் சியாஸும் பெட்ரோலோடு நின்றுகொண்டன. வென்டோ, ராபிட் இரண்டிலும் டீசல் போயிற்று. எட்டியாஸ் முழுவதுமாகவே போயிற்று. மிச்சமிருந்த சிட்டி, வெர்னா போன்றவை, சாலையில் ஓடும்போதே புகையை அளக்கும் விதி 2023இல் வந்தபோது விடைபெற்றன. ஆக, நடுத்தரக் குடும்பத்துக்கு டீசல் செடான் என்பது இனி செகண்ட்ஸ் சந்தைப் பொருள் மட்டுமே.

அந்தச் சந்தையில் இதற்கான தேவை குறைந்தபாடில்லை. எந்த ஊர் கார் கன்சல்டிங் கடைக்குப் போனாலும் வரிசையில் நாலைந்து டீசல் செடான் நிற்கும். இப்போது எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டதால், பழைய பெட்ரோல் வண்டி வாங்கத் தயங்குகிறவர்கள் சிலரும் டீசல் பக்கம் திரும்புகிறார்கள். நான்கு லட்சத்துக்கு நல்ல இழுவையும் இருபது மைலேஜும் உள்ள பெரிய கார் கிடைக்கிறதென்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசையின் முழு விலை என்ன என்பதே இந்தக் கட்டுரை.

இந்த வண்டிகள் ஏன் இவ்வளவு விற்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பெட்ரோல் விலையை அரசு தன் பிடியிலிருந்து விட்டது 2010 ஜூனில். டீசலை விட்டது 2014 அக்டோபரில். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் டீசலுக்குப் பொற்காலம். 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் லிட்டர் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்குள் இருந்தது. லிட்டருக்கு 32 ரூபாய் இடைவெளி! டீசல் வகைக்கு ஒரு லட்சம் அதிகம் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். தினம் ஐந்து கிலோமீட்டர் அலுவலகம் போய் வருகிறவரும் வாங்கினார். வாரம் ஒருமுறை கோயிலுக்குப் போகிறவரும் வாங்கினார். இன்றைய சந்தையின் பாதித் தலைவலி அந்த நான்கு ஆண்டுகளில், டீசல் தேவைப்படாதவர்கள் வாங்கிய டீசல் வண்டிகளிலிருந்து வருகிறது.

இன்றைய கணக்கு வேறு. சென்னையில் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டியும் டீசல் 92 ரூபாய்க்குச் சற்று மேலும் இருக்கும் நிலையை எடுத்துக்கொள்வோம். செடான் ஒன்று பெட்ரோலில் 15 கிலோமீட்டரும் டீசலில் 20 கிலோமீட்டரும் கொடுக்கிறது என்று வைத்தால், கிலோமீட்டருக்குப் பெட்ரோல் செலவு 6 ரூபாய் 70 காசு, டீசல் செலவு 4 ரூபாய் 60 காசு. மிச்சம் 2 ரூபாய் 10 காசு. இதே மைலேஜை 2012 விலையில் போட்டுப் பார்த்தால், பெட்ரோலில் ஓட்டும் செலவில் டீசலுக்கு 42 விழுக்காடே ஆனது. இப்போது கிட்டத்தட்ட 69 விழுக்காடு ஆகிறது. இதில் விளம்பரத்தில் போட்ட 28 மைலேஜை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. அது சோதனைக் கூடத்து எண். ஏசி போட்டு, நாலு பேர் ஏறி, திருச்சி போய் வந்தால் இருபதுதான்.

இந்த 2 ரூபாய் 10 காசை முழுக்கச் சேமிப்பு என்று எண்ணுவதில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை வாங்கி இன்னொரு லட்சம் ஓட்டுகிறவர், அந்தக் காலத்துக்குள் நாசில் எனப்படும் நான்கு இன்ஜெக்டருக்கும் வேலை பார்ப்பது, டர்போ ஒருமுறை, கிளட்ச் ஒருமுறை, இ.ஜி.ஆர். சுத்தம் இரண்டு மூன்று முறை என்று எதிர்பார்ப்பதே நியாயம். வெளிப் பட்டறையில் சிக்கனமாகப் பார்த்தாலும் எல்லாம் சேர்ந்து முக்கால் லட்சத்திலிருந்து ஒரு லட்சம் வரை போகும். அதாவது கிலோமீட்டருக்கு முக்கால் ரூபாய் முதல் ஒரு ரூபாய். பெட்ரோல் பங்கில் மிச்சம் பிடித்த பணத்தில் கிட்டத்தட்டப் பாதி, பின்னால் வரப்போகும் பில்லுக்கு நாம் கட்டும் முன்பணம். அதைத் தனியாக எடுத்து வைக்காமல் செலவழித்துவிட்டு, நாசில் போனதும் "டீசல் வண்டி வாங்கியதே தப்பு" என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு எரிபொருளில் 42,000 ரூபாய் மிஞ்சும். பழுதுக்கு ஒதுக்கியது போகப் பாதிக்கு மேல் கையில் நிற்கும். 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு மிஞ்சுவது 12,600 ரூபாய். ஒரே ஒரு டர்போ பில் அவருடைய இரண்டு ஆண்டுச் சேமிப்பைத் தின்றுவிடும். அதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. குறைவாக ஓட்டுவதே அந்தப் பில்லைச் சீக்கிரம் வரவழைக்கும் என்பதுதான் டீசலின் விசித்திரம்.

அது எப்படி என்று பார்க்க, இந்த எஞ்சினுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

2000க்குப் பிறகு நம் ஊர் செடான்களுக்கு வந்தது காமன் ரெயில் டீசல். பம்ப் டீசலை அழுத்தி ஒரு பொதுக் குழாயில் நிறுத்தி வைக்கும். கணினி சொல்லும் நொடியில் இன்ஜெக்டர் அதைப் பீய்ச்சும். நம் மெக்கானிக்குகள் இன்றும் இன்ஜெக்டரை நாசில் என்றே சொல்வார்கள். அந்தக் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் 1,600 பார் அளவுக்குப் போகும். கார் டயரில் இருப்பது இரண்டு பார்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் உக்கிரம் புரியும். இந்த அழுத்தத்தில் மூடித் திறக்கும் ஊசியின் இடைவெளி மயிரிழையிலும் மெல்லியது. டீசலோடு ஒரு சொட்டுத் தண்ணீரோ தூசியோ வந்தால் ஊசி தேய்ந்துவிடும். டீசல் ஃபில்டரை ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்குக் காலத்தில் மாற்றாதவர் பின்னால் நாசிலுக்கு அதைப்போல் இருபது மடங்கு கொடுப்பார்.

நாசில் தேய்ந்தால் முதலில் காலை ஸ்டார்ட்டிங்கில் தெரியும். செல்ஃப் இரண்டு மூன்று சுற்று கூடுதலாக எடுக்கும். ஐட்லிங்கில் வண்டி நடுங்கும், வெள்ளைப் புகை வரும், மைலேஜ் மெல்லக் குறையும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நான்கு நாசிலின் ரிட்டர்ன் குழாயையும் நான்கு சிறு பாட்டில்களில் விட்டு எஞ்சினைச் சில நிமிடம் ஓட விட்டால், எது தேய்ந்திருக்கிறதோ அந்தப் பாட்டில் சீக்கிரம் நிரம்பும். வாங்கும் முன் மெக்கானிக்கை அழைத்துப் போகிறவர்கள் இந்த ஒரு சோதனையையாவது கேட்டுச் செய்ய வேண்டும். நாசிலுக்கு அடியில் இருக்கும் செம்பு வாஷர் கசிந்து, சுற்றிலும் தார் போல் கரி பிடித்திருந்தால் அதுவும் கண்ணுக்கே தெரியும். புது நாசில் ஒன்றே பத்தாயிரத்தைத் தாண்டும் என்பதால் பெரும்பாலோர் பிரித்துச் சரிசெய்து மாட்டுகிறார்கள். கோவை, சேலம், நாமக்கல் போன்ற லாரித் தொழில் ஊர்களில் இதற்கென்றே டெஸ்ட் பெஞ்ச் வைத்த பம்ப் நாசில் கடைகள் உண்டு. சில வண்டிகளில் புது நாசிலின் எண்ணைக் கணினியில் ஏற்றவும் வேண்டும். அதைச் செய்யாமல் மாட்டிவிட்டு "புதுசு போட்டும் சரியாகல" என்று அலைகிறவர்கள் உண்டு.

அடுத்தது இ.ஜி.ஆர். நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சுப் புகையைக் குறைக்க, எஞ்சின் விட்ட புகையில் ஒரு பகுதியை மறுபடி உள்ளே அனுப்பும் வால்வு இது. திரும்பி வரும் புகையில் கரி இருக்கும். எஞ்சினின் மூச்சுக் குழாயிலிருந்து ஆயில் ஆவியும் வந்து சேரும். இரண்டும் கலந்து காற்றுப் பாதையில் கெட்டியாகப் படியும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியில் எஞ்சின் நன்றாகச் சூடேறி, வெளிப்புகையின் வேகமும் கூடிக் கரி படிவது குறையும். டவுனுக்குள்ளேயே மூன்று கிலோமீட்டர் போய், நிறுத்தி, மறுபடி மூன்று கிலோமீட்டர் வரும் வண்டியில் எஞ்சின் ஒருநாளும் சரியாகச் சூடேறுவதில்லை. கரி அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போகும். வால்வு பாதி திறந்தபடி ஒட்டிக்கொண்டால் பிக்கப் போய்விடும். கருப்புப் புகை கக்கும். கழற்றிச் சுத்தம் செய்யச் சில ஆயிரம்தான் ஆகும். ஆனால் அதே கரி டர்போவுக்குள்ளும் போய்ச் சேர்ந்திருக்கும். இ.ஜி.ஆரைத் தகடு வைத்து அடைத்துவிடுகிற பட்டறைகளும் இருக்கின்றன. அடைத்த வண்டி நன்றாக இழுக்கும். சுற்றியிருப்பவர்கள் அந்த நச்சை மூச்சில் வாங்குவார்கள். அது விதிமீறல் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டர்போ, நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கும் மேல் போகக்கூடிய ஒரு சிறு சக்கரம். அதைத் தாங்குவது எஞ்சின் ஆயில் படலம் மட்டுமே. உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இறங்கி, நிறுத்தியவுடனே சாவியைத் திருப்பினால், ஆயில் ஓட்டம் நின்று சூட்டில் கருகும். அரை நிமிடம், ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணைப்பதால் எத்தனையோ டர்போ பிழைத்திருக்கிறது. ஆயிலை நாள் தள்ளி மாற்றுவது இரண்டாவது எதிரி. அதிக சக்தி தரும் எஞ்சின்களில் உள்ள மாறும் இதழ் டர்போவில், இதழ்களே கரியால் ஒட்டிக்கொள்வது மூன்றாவது. 75 குதிரைசக்தி டிசையரில் இருக்கும் எளிய டர்போவுக்கு அந்த நோய் கிடையாது. வேகம் எடுக்கும்போது சைரன் ஊதுவதுபோல் ஒலி வந்தாலோ நீலப் புகை வந்தாலோ டர்போ நாள் எண்ணுகிறது என்று பொருள். ஆனால் இழுவை இல்லை என்றவுடன் டர்போவை மாற்றச் சொல்லும் பட்டறையை நம்ப வேண்டாம். இன்டர்கூலர் ஹோஸில் ஒரு வெடிப்பு இருந்தாலும் இதே குறை வரும். அதற்குச் செலவு சொற்பம்.

கிளட்ச் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். டீசலில் திருகுவிசை அதிகம், அதுவும் கீழ்ச் சுற்றிலேயே திடீரென்று வரும். 2,000 சுற்றுக்குக் கீழே டர்போ தூங்கும் எஞ்சின்களில், டிராஃபிக்கில் ஓட்டுகிறவர் அரைக் கிளட்சிலேயே வண்டியை நகர்த்துவார். பிளேட் சீக்கிரம் தேயும். டிசையர் வகையில் இது பெரிய செலவு இல்லை. அதிர்வைத் தாங்க இரட்டை அடுக்கு ஃப்ளைவீல் வைத்த வண்டிகளில் அதையும் சேர்த்து மாற்ற வேண்டி வந்தால் பில் பல மடங்கு ஏறும். வாங்கப் போகும் மாடலில் எது இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மற்றவை சில்லறை. டீசல் எஞ்சின் கனம் என்பதால் முன்பக்க லிங்க் ராடும் லோயர் ஆர்மும் பெட்ரோலைவிடச் சீக்கிரம் தட்டத் தொடங்கும். அதிர்வால் எஞ்சின் மவுண்டிங் போகும். பேட்டரி பெரிது, விலையும் கூட. குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் குளோ பிளக் போனால் ஊட்டியிலோ கொடைக்கானலிலோதான் தெரியும். மதுரை வெயிலில் அது இருப்பதும் இல்லாததும் ஒன்று.

பிஎஸ்6 டீசல் வாங்குகிறவர்களுக்கு மட்டும் இன்னொரு பொருள் சேர்கிறது: கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி. இது நிறையும்போது எஞ்சின் கூடுதல் டீசலை எரித்து, அதைச் சுமார் 600 டிகிரி வரை சூடாக்கிக் கரியைச் சாம்பலாக்கும். அதற்குப் பதினைந்து இருபது நிமிடம் தடையில்லாத ஓட்டம் வேண்டும். நடுவில் அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். ஆயில் கேஜில் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருந்தால் இந்தக் கோளாறு என்று சந்தேகிக்கலாம். டி.பி.எஃப். அடைத்து மாற்ற நேர்ந்தால் பழைய வண்டியின் விலையில் கணிசமான பங்கு அதற்கே போகும். நம் ஊர் பிஎஸ்4 சிறு டீசல்களில் பெரும்பாலும் இந்த வடிகட்டி கிடையாது. 2020க்குப் பிறகு வரும் டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான். பிஎஸ்4 காலத்தில் அது 50. எளிய எஞ்சின், நல்ல எரிபொருள் இரண்டும் சேர்ந்து கிடைப்பதால் 2016 முதல் 2019 வரையிலான பிஎஸ்4 வண்டிகளையே நான் முதலில் பார்க்கச் சொல்வேன். மாசு என்ற கோணத்தில் இது பெருமைப்படத்தக்க ஆலோசனை அல்ல என்பதும் தெரிந்தே சொல்கிறேன்.

எந்த வண்டி என்ற கேள்விக்கு வருவோம். ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1248 சிசி, இந்தியாவின் தேசிய டீசல் எஞ்சின் என்றே பெயர் வாங்கியது. மாருதி அதை டிடிஐஎஸ் என்ற பெயரில் டிசையர், எஸ்எக்ஸ்4, சியாஸ் ஆகியவற்றில் வைத்தது. டாடா மான்சாவில் வைத்தது. ஃபியட் தன் லீனியாவில் வைத்தது. டைமிங் செயின் உள்ள எஞ்சின், எந்தக் கிராமத்து மெக்கானிக்குக்கும் மனப்பாடம், உதிரி எங்கும் கிடைக்கும். ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் செயின் தளர்ந்து சத்தம் போடும் என்பது இதன் பலவீனம். ஒரே எஞ்சின்தானே என்று விலை குறைவான லீனியாவை எடுப்பவர் ஒன்றை யோசிக்க வேண்டும். எஞ்சின் உதிரி கிடைக்கும். பம்பரும் ஹெட்லைட்டும் கிடைக்குமா? ஃபியட் இங்கே கார் விற்பதையே நிறுத்திவிட்டது. மறைமலைநகரில் ஆலை நடத்திய ஃபோர்டும் 2021 செப்டம்பரில் வெளியேறுவதாக அறிவித்தது. அதன் ஆஸ்பயரில் இருந்த 1.5 டீசல் ஓட்டுவதற்கு அருமையான எஞ்சின். ஆனாலும் உதிரிக்காகக் காத்திருக்கும் பொறுமையும், சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிக் கடைகளில் தேடும் தெம்பும் உள்ளவருக்கே அது பொருந்தும்.

டொயோட்டா எட்டியாஸ் 1.4 டீசலின் சக்தி வெறும் 68 குதிரை. உள்ளே அழகும் இல்லை, வெளியே அழகும் இல்லை. இருந்தாலும் டாக்சிக்காரர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது: கெட்டுப்போக அதில் அதிகம் ஒன்றும் இல்லை. இதே காரணத்தால் தனியார் பதிவுள்ள ஓன் போர்டு எட்டியாஸுக்கு விலை இறங்குவதே இல்லை. ஹோண்டா சிட்டியின் 1.5 டீசல் மைலேஜில் முதல் வரிசை, சத்தத்திலும் முதல் வரிசை. இருங்காட்டுக்கோட்டையில் பிறந்த வெர்னா 1.6 இழுவையில் ராஜா; 128 குதிரைசக்தி, அந்த விலையில் அன்று வேறு யாரும் தராதது. உதிரி கிடைக்கும், விலை மட்டும் ஒரு படி கூட.

ஃபோக்ஸ்வாகன் வென்டோ, ஸ்கோடா ராபிட் இரண்டும் உடன்பிறப்புகள். கதவைச் சாத்தும் சத்தத்திலேயே மயங்கி வாங்கிவிடுவார்கள். இவற்றின் டீசலில் இருப்பது டைமிங் பெல்ட். அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சினே போய்விடும். பெல்ட் மாற்றியதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும். இந்த எஞ்சின்கள் 2015இல் உலகை உலுக்கிய புகை மோசடி விவகாரத்தில் சிக்கிய குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தியாவிலும் 3,23,700 வண்டிகளைத் திருத்தத்துக்கு அழைப்பதாக நிறுவனம் அறிவித்தது. அந்தத் திருத்தம் நடந்ததா என்பதை சர்வீஸ் பதிவில் கேட்டுக்கொள்ளலாம். டீசலோடு வந்த ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்கை மட்டும், வாரண்டி இல்லாத நிலையில், நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதன் மெக்கட்ரானிக் பகுதி பழுதானால் பில் லட்சத்தை எட்டிப் பார்க்கும். சுமை வேலைக்குப் பேர்போன ரெனோ 1.5 டிசிஐ எஞ்சின் உள்ள லோகன், வெரிட்டோ, ஒரகடத்துச் சன்னி ஆகியவற்றுக்கும் பெல்ட்தான் என்பதை நினைவில் வைக்கவும்.

எஞ்சின் அளவு இன்ஷூரன்ஸிலும் வேலை செய்கிறது. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, மூன்றாம் நபர் பிரீமியம் 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை 3,416 ரூபாய். 1500ஐத் தாண்டினால் 7,897 ரூபாய். வெர்னா 1.6க்கும் வென்டோ 1.6க்கும் இரண்டாவது கட்டணம். 1498 சிசி உள்ள சிட்டியும் பிந்தைய வென்டோவும் முதல் கட்டணத்தில் தப்பிக்கின்றன. வரியோடு சேர்த்தால் ஆண்டுக்கு ஐயாயிரத்துச் சொச்சம் வித்தியாசம், ஒவ்வோர் ஆண்டும். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, வண்டியோடு வராது. சொந்தச் சேதத்துக்கான பாலிசியைப் பதினான்கு நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்காவிட்டால், விபத்து நடந்தபின் கம்பெனி காரணம் தேட வேண்டியதே இல்லை. பதினைந்து ஆண்டு முடிந்த தனியார் காரின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய். பசுமை வரி தனி. 2012இல் பதிவான வண்டி 2027இல் எஃப்.சி.க்கு நிற்க வேண்டும். அதற்கு முன் டிங்கரிங், பெயிண்டிங், டயர் என்று ஒரு சுற்றுச் செலவு காத்திருக்கும்.

இனி, ஏமாற்று. மீட்டரைக் குறைப்பது நம் சந்தையில் ரகசியம் அல்ல. அதைவிட, குறைந்த கிலோமீட்டருக்காக அலையும் நம் பழக்கமே டீசலில் நமக்கு எதிராகத் திரும்புகிறது. 2013 மாடல் டீசல், அறுபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்கிறார் விற்பவர். ஆண்டுக்கு ஐயாயிரம்கூட ஓட்டாதவர் எதற்காக ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்து டீசல் வாங்கினார்? ஒன்று, மீட்டர் பொய். அல்லது, நிஜமாகவே தெருமுனை வரை மட்டும் ஓடி, கரி மண்டிய வண்டி. இரண்டும் வேண்டாம். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர், பெரும்பாலும் நெடுஞ்சாலையில், காலத்தில் ஆயில் மாற்றிய பில்களோடு வரும் வண்டி இந்த இரண்டையும் விட நல்லது. பெடல் ரப்பரும் ஸ்டியரிங் உறையும் டிரைவர் சீட்டின் ஓரமும் மீட்டரைவிட உண்மை பேசும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பழைய சர்வீஸ் பதிவை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலான பொய் உடைந்துவிடும்.

டாக்சிப் பதிவான டி போர்டிலிருந்து ஓன் போர்டாக மாற்றிய டிசையரும் எட்டியாஸும் நிறைய வருகின்றன. அது குற்றமல்ல, சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் வாங்கவும் செய்யலாம். மறைத்து விற்பதுதான் பிரச்சினை. சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் நினைவுக்கு வர வேண்டும். சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும். சீட் தண்டவாளத்தில் துரு, கம்பளத்துக்கு அடியில் வாடை. டீசல் எஞ்சின் தண்ணீரை இழுத்திருந்தால் கனெக்டிங் ராட் வளைந்திருக்கக் கூடும். வடக்கிலிருந்து வரும் மலிவு வண்டிகளுக்கும் ஒரு பின்கதை உண்டு. டெல்லி வட்டாரத்தில் பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்ற உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. 2025இல் அந்தக் கடுமை தளர்ந்தது. இடையில் ஏராளமான வண்டிகள் தெற்கே இறங்கின. தமிழ்நாட்டில் தனியார் டீசலுக்கு அப்படிப் பத்தாண்டுத் தடை இல்லை. ஆனால் என்.ஓ.சி., இங்கே ஆயுள் வரி, பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மலிவில் பாதி கரைந்துவிடும்.

மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறைவாக, அதுவும் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர் பெட்ரோல் வாங்கட்டும். எத்தனால் பயம் நாசில் பில்லைவிடச் சிறியது. வாரந்தோறும் நெடுஞ்சாலை ஏறுகிறவருக்கு 1500 சிசிக்கு உட்பட்ட, மேனுவல் கியர் உள்ள, 2016க்குப் பிந்தைய பிஎஸ்4 டிசையர், எட்டியாஸ், சியாஸ், சிட்டி இவற்றில் ஒன்று இன்றும் லாபமான வண்டிதான், வாங்கும் விலைக்கு மேல் அறுபதாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து வைத்தால். முன்பணம் கொடுக்கும் முன், காலையில் எஞ்சின் சூடாவதற்குள் போய் நில்லுங்கள். பானெட்டில் கை வைத்துக் குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, புகை வேகமாக வெளியே தள்ளும் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறதா என்று பாருங்கள். முதல்நாளே சொல்லியும் நீங்கள் போகும் முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறவரிடம் வாங்காதீர்கள்.